காகிதப் பூமழைக்கு ஒரு காற்றுக் குழல்

ஆண்டு விழா என்றால் லேக் மார்க்கெட்டில் வாங்கிய மாலையும், வாசலில் இரண்டு சிறுமியர் தட்டிலிருந்து தூவும் உதிரிப் பூவும் நமக்குப் போதுமானவையாக இருந்தன. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அது போதவில்லை. கோப்பையைத் தூக்கும் நொடியில் ‘டப்’பென்று வெடித்துக் கொட்டுகிறதே வண்ணக் காகித மழை, அது நம் மேடையிலும் வேண்டுமாம். (2013லும் 2015லும் ஈடன் கார்டன் இறுதி ஆட்டத்தில் சென்னை தோற்றது, 2024ல் சேப்பாக்கத்திலேயே கொல்கத்தா கோப்பையை வென்றது. நம் வீடுகளில் அது கிளப்பிய சண்டை தனிக் கட்டுரைக்கு உரியது!)

‘கான்ஃபெட்டி’ என்ற இத்தாலியச் சொல்லுக்கு முதலில் சர்க்கரை பூசிய மிட்டாய் என்றே பொருள். திருவிழாவில் அதை வாரி இறைத்தார்கள். பிறகு மிட்டாய் போய்க் காகிதம் வந்தது. கையால் இறைப்பதைக் காற்றால் வீசினால் அதுதான் இந்தப் பீரங்கி.

காற்றை அடைத்து வெடிக்கும் வித்தை நம் நாட்டுக்குப் புதிதல்ல. சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில், ஜகதல்பூரில் ரத யாத்திரையை ‘கோஞ்சா’ என்று கொண்டாடுகிறார்கள். அங்கே ஜகந்நாதருக்கு மரியாதை வேட்டு ‘துப்கி’ என்னும் மூங்கில் குழலால்தான். குழலின் இரு முனையிலும் ஒரு காட்டுக்காயை அடைத்து, பின்னால் குச்சியால் தள்ளினால், நடுவில் சிக்கிய காற்று நெருங்கி முன்காயைப் பட்டென்று வெளியே தள்ளும். மருந்தும் இல்லை, நெருப்பும் இல்லை.

நம் பிள்ளைகள் போடும் திட்டம் வேறு. பி.வி.சி. குழாயின் இரு முனையையும் அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றேற்றி, வால்வைத் திறப்பது. “வெறும் காற்றுதானே மாமா!” என்கிறார்கள். இங்கேதான் பெரியவர்கள் தலையிட வேண்டும். குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் அழுத்த அளவு தண்ணீருக்கு உரியது. தண்ணீர் நெருக்கினால் சுருங்காது. குழாய் விரிந்தால் கொஞ்சம் பீறிட்டு அதோடு அடங்கிவிடும். காற்றோ சுருட்டிய ஸ்பிரிங் மாதிரி. ஒரு லிட்டர் இடத்தில் 60 பவுண்டு அழுத்தத்துக்குக் காற்றை அடைத்தால், அதில் தேங்கும் சக்தி 4 கிலோ இரும்புக் குண்டு மூன்றாம் மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். பி.வி.சி. கிழியாது, கண்ணாடிபோல் சிதறும். வெயிலில் கிடந்த பழைய குழாய் இன்னும் மோசம். அழுத்தப்பட்ட காற்றுக்கு அதைப் பயன்படுத்தக்கூடாது என்று குழாய்த் தொழில் துறையே எச்சரிக்கிறது. பம்பை அடிப்பவன் முகம் அதற்கு ஒரு முழ தூரத்தில் இருக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

காற்றை அடைத்து வைக்காமலே வேலையை முடிக்கலாம். 2 லிட்டர் கூல்டிரிங்க் பாட்டிலைத் தரையில் படுக்க வையுங்கள். பழைய சைக்கிள் டியூபில் வால்வு இல்லாத பகுதியாக இரண்டடி வெட்டி, ஒரு முனையைப் பாட்டில் கழுத்தில் இழுத்து மாட்டி நூலால் இறுக்கிக் கட்டுங்கள். துணிக்கடையில் சுருள் சுற்றிவரும் அட்டைக் குழல் ஓரடி எடுத்து, அதன் அடிவாயில் கொசுவலைத் துண்டை ஒட்டி மறுமுனையில் செருகுங்கள். குழலை ஒரு நாற்காலிக் காலோடு நிமிர்த்திக் கட்டி, ஒரு கைப்பிடிக் காகிதத்தை அமுக்காமல் போடுங்கள். பாட்டிலை ஓங்கி மிதித்தால் பூமழை! மேல்வாய் திறந்தே இருப்பதால் அழுத்தம் தேங்க இடமில்லை. கடையில் விற்கும் பாப்பர் அளவு உயரம் போகாதுதான். ஆடி முடித்த குழந்தைகள் மேல் தூவ அது போதும். நசுங்கிய பாட்டிலை ஊதி நிமிர்த்தி மறுபடி மிதிக்கலாம். மிதிக்கும் உரிமைக்கு இப்போதே வரிசை நிற்கும். குழலுக்கு நேரே மட்டும் யாரும் குனியக்கூடாது.

காகிதத்துக்குப் பஞ்சமா இந்த ஊரில்? காலேஜ் ஸ்ட்ரீட் பக்கம் பைண்டிங் செய்யும் இடங்களில் ஓரம் வெட்டிய கழிவு கிடைக்கும். ஆனால் பட்டம் செய்யும் மெல்லிய காகிதம்தான் சுழன்று மெதுவாக இறங்கும். வட்டத்தைவிட விரலளவு நீளத் துண்டு அழகு. கொல்கத்தாவின் ஈரக் காற்றில் காகிதம் நமத்துக் கட்டிக்கொள்ளும்; காலையில் வெயிலில் காயவைத்து, மேடைக்குப் போகும்வரை டப்பாவில் மூடி வையுங்கள். பளபளக்கும் ஜிகினாத் தாள் வேண்டாம்: அதன் உலோகப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தும், மேடை விளக்கும் ஒயரும் பக்கத்திலேயே இருக்கின்றன. சாயம் போகும் தாளும் வேண்டாம், பட்டுப்பாவாடை கட்டிய பெண் குழந்தைகளின் அம்மாக்கள் உங்களைத் தேடி வருவார்கள். மண்டபத்துக்குத் துடைப்பம் இரண்டு கொண்டு போகவும்.