முட்டைக்கு ஏது தரம்?

“ஊசி போட்டதுல பன்னெண்டு முட்டை வந்துச்சாம். ஆனா தரமில்லைன்னுட்டாங்க. முட்டைக்கு ஏது தரம்?” பக்கத்து வீட்டு அக்கா டீத் தம்ளரைத் தொடாமலே கேட்டார். அவர் மகளுக்கு இரண்டாம் முறையாக ஐ.வி.எஃப். கைகூடவில்லை. அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கருமுட்டை தனியே வளர்வதில்லை. சினைப்பைக்குள் சிறுசிறு நீர்ப்பைகள் உண்டு. ஸ்கேனில் ‘ஃபாலிக்கிள்’ என்று அளந்து எழுதுவது அவற்றைத்தான். ஒவ்வொன்றிலும் ஒரு முட்டை, அதைச் சுற்றிக் கூட்டமாகத் துணைச் செல்கள். அவைதான் முட்டைக்கு ஊட்டுகின்றன. முட்டை சும்மா வாங்கி உண்ணும் பிள்ளை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1996இல் அமெரிக்காவில் மார்ட்டின் மட்சுக்கின் குழு, முட்டை சுரக்கும் ஜி.டி.எஃப்.9 என்ற புரதம் இல்லாத எலிகளை உருவாக்கியது. அவற்றின் ஃபாலிக்கிள்கள் தொடக்கத்திலேயே நின்றுபோயின. எலிகள் குட்டி போடவே இல்லை. சுற்றியுள்ள செல்களை வளரச் சொல்வதே முட்டைதான் என்று அப்போது தெளிவானது.

இதைவிட எனக்குப் பிடித்தது நியூசிலாந்து ஆட்டின் கதை. அங்கே ரோம்னி இனச் செம்மறி ஒன்று 11 ஈத்தில் 33 குட்டி போட்டது. அதன் வழிவந்த ஆடுகளுக்கு இன்வர்டேல் என்று பெயர். அந்த வம்சத்தில் ஒரு விந்தை. குறிப்பிட்ட மரபணு மாற்றம் தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்த பெட்டை ஆடு இரண்டு, மூன்று குட்டி ஈனும். இரு பக்கமும் வந்துவிட்டால் சினையே பிடிக்காது. 2000இல் காரணம் தெரிந்தது: பி.எம்.பி.15. இதுவும் முட்டை சுரக்கும் புரதம்தான். அது கொஞ்சம் குறைந்தால் துணைச் செல்கள் ஹார்மோனுக்கு முன்கூட்டியே இசைந்து, ஒரு முட்டை முதிரும் இடத்தில் இரண்டு முதிர்கின்றன. அறவே இல்லையென்றால் எதுவும் வளர்வதில்லை. 2004இல் இத்தாலியில், சினைப்பை செயலிழந்த சகோதரிகள் இருவரிடம் இதே மரபணுவில் பிழை இருந்தது கண்டறியப்பட்டது.

அக்காவின் கேள்விக்கு இப்போது வரலாம். சிகிச்சையில் போடும் ஹார்மோன் ஊசி துணைச் செல்களைத் தூண்டிப் பல முட்டைகளை வளர்க்கிறது. எண்ணிக்கை கூடும், ஒவ்வொரு முட்டையும் உள்ளே பக்குவப்பட்டிருக்கும் என்பதற்கு உறுதியில்லை. அந்தப் பக்குவத்தைத்தான் தரம் என்கிறார்கள். அதில் வயதுக்குப் பெரும் பங்குண்டு.

உயிர்வேதியியலார் கைவைத்திருப்பது இந்த இடத்தில்தான். மனித ஜி.டி.எஃப்.9 எலியுடையதைப் போலல்லாமல் உறங்கும் நிலையிலேயே சுரக்கிறது. பி.எம்.பி.15உடன் இணையும்போது அதற்கு வீரியம் வருகிறது. 2015இல் ஆஸ்திரேலியாவில் டேவிட் மோட்டர்ஸ்ஹெட், ராபர்ட் கில்கிறிஸ்ட் முதலானோர் இவ்விரண்டும் இணைந்த புரதத்தை ஆய்வகத்தில் உண்டாக்கி, ‘குமுலின்’ என்று பெயரிட்டார்கள். பன்றி முட்டைகளை அதில் முதிரவைத்தபோது அவற்றின் தரம் உயர்ந்தது. முதிராத முட்டையை வெளியே எடுத்துத் தட்டில் பக்குவப்படுத்தும் முறைக்கு இது கைகொடுத்தால், அதிக ஊசி தாங்காத பி.சி.ஓ.டி. பெண்களுக்கும், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் காத்திருக்க நேரமில்லாதவர்களுக்கும் பெரும் உதவி.

அக்கா உடனே கேட்டார், “அந்த ஊசி எங்க கிடைக்கும்?” அது ஊசியல்ல, இன்னும் ஆய்வுக்கூடப் பொருள்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் முகம் வாடியதை என்னால் பார்க்க முடியவில்லை.

சிகிச்சையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். எத்தனை முட்டை எடுத்தார்கள் என்பதோடு நின்றுவிடாதீர்கள். எத்தனை முதிர்ந்திருந்தன, எத்தனை கருவாயின, எத்தனை ஐந்தாம் நாள்வரை வளர்ந்தன என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.