சிறுசேரியில் தொட்டில் கட்டக் காத்திருப்போருக்கு

சிறுசேரி சிப்காட் பூங்காவைச் சுற்றி நாவலூர், படூர், கேளம்பாக்கம் என்று எழும்பியிருக்கும் அடுக்குமாடிகளில் தத்து பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி, "எவ்வளவு ஆகும்?" என்பதுதான். செயற்கைக் கருத்தரிப்பு சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் கொடுத்து ஓய்ந்தவர்கள் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. ஆன்சைட் வேலையாக அமெரிக்கா போய் வந்தவர்களோ, வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுக்க அங்குள்ள குடும்பங்கள் பல்லாயிரம் டாலர் சேர்ப்பதைப் பார்த்திருக்கிறார்கள். இங்கும் அந்த அளவுக்கு ஆகும் என்று நினைத்தே பலர் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

அவ்வளவு ஆகாது. மத்திய தத்து வள ஆணையமான 'காரா'வின் 2017 விதிகளில் பதிவுக்கும் வீட்டு ஆய்வுக்கும் சேர்த்து 6,000 ரூபாய், குழந்தைப் பராமரிப்பு நிதிக்கு 40,000, குழந்தை வந்தபின் இரண்டு ஆண்டுகளில் நடக்கும் நான்கு நேர் ஆய்வுகளுக்குத் தலா 2,000 என்று இருந்தது. 2022 விதிகள் வந்த பிறகும் மொத்தச் செலவு ஒரு லட்சத்தை எட்டவில்லை. ஐ.டி. துறையில் இருவர் சம்பாதிக்கும் வீட்டுக்கு இது ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்கிவிடும். சொந்த வீடு வேண்டும் என்ற விதி இல்லை. வாடகை வீடு போதும். இந்தியக் குழந்தையைத் தத்தெடுக்கும் வெளிநாட்டவரிடம் பராமரிப்பு நிதிக்கு வாங்குவது 5,000 டாலர். வழக்கறிஞர், விமானப் பயணம், தங்குமிடம் எல்லாம் அதற்கு மேல்.

தொகையை இப்படி எழுதி வைத்ததற்கு ஒரு வலியான காரணம் உண்டு. வெளிநாட்டுத் தத்து என்ற பெயரில் நடந்த முறைகேடுகளைச் சொல்லி லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே மனுவாக ஏற்று நீதிபதி பி.என். பகவதி 1984இல் வகுத்த நெறிமுறைகளிலிருந்துதான் இன்றைய அமைப்பு முளைத்தது. 1990இல் காரா வந்தது. அப்படியும் சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்தும் நடைபாதைகளிலிருந்தும் 1990களில் கடத்தப்பட்ட பிள்ளைகள் ஒரு தத்து நிறுவனத்தின் வழியாக நெதர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். 2005இல்தான் அது வெளியே தெரிந்தது. பெற்ற தாய் இங்கே காவல் நிலையப் படியேறிக்கொண்டிருக்க, பிள்ளை அங்கே வேறொரு மொழி பேசி வளர்ந்துகொண்டிருந்தது. வளர்த்தவர்களும் ஏமாற்றப்பட்டவர்கள்தான். இலங்கையிலிருந்து 1980களில் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகள் பலரின் ஆவணங்களிலும் பொய்கள் இருந்தன. தன் நாட்டில் நடந்த விசாரணைக்குப் பிறகு நெதர்லாந்து 2021இல் வெளிநாட்டுத் தத்தை நிறுத்தி வைத்தது.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2019இல் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலி உதவியாளர் ஒருவர் குழந்தைக்கு விலை பேசிய குரல் பதிவு வெளியானது. 2021இல் மதுரைக் காப்பகம் ஒன்றில், கொரோனாவில் இறந்ததாகக் கணக்குக் காட்டப்பட்ட குழந்தை விற்கப்பட்டது தெரியவந்தது. ஆகவே "காத்திருக்க வேண்டாம், மூன்று லட்சம் கொடுத்தால் அடுத்த மாதமே குழந்தை" என்று யாராவது சொன்னால், அந்தப் பணம் ஒரு குழந்தையின் விலை. குழந்தையை வாங்குவோருக்கும் விற்போருக்கும் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல் என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். மருத்துவமனை ஊழியர் உடந்தை என்றால் ஏழு ஆண்டு வரை.

காத்திருப்பு நீளம்தான், மறுக்கவில்லை. 2022 நடுவில் வீட்டு ஆய்வு முடிந்து வரிசையில் இருந்த விண்ணப்பங்கள் ஏறக்குறைய 28,000. சட்டப்படி தத்துக்குத் தயாராக இருந்த பிள்ளைகள் 3,600க்கும் குறைவு. மூன்று ஆண்டு கடந்தும் காத்திருந்தவர்களே பாதிக்கு மேல். ஆனால் அந்த 3,600 பேரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகள். வரிசையில் நிற்கும் பெரும்பாலோர் கேட்பது இரண்டு வயதுக்குள், நோய்நொடி இல்லாத குழந்தை. ஆறு வயதுச் சிறுமியையும், அண்ணனை விட்டுப் பிரியாத தம்பியையும், காது கேளாத பையனையும் நம் விண்ணப்பங்கள் கடந்து போகின்றன. 2024-25இல் நாட்டில் நடந்த 4,515 தத்துகளில் சுமார் 360 வெளிநாட்டுக் குடும்பங்களுக்குப் போனவை. நாம் வேண்டாம் என்று விட்ட பெரிய பிள்ளைகளுக்கும் ஊனமுள்ள பிள்ளைகளுக்கும் பல நேரங்களில் அம்மா அப்பா கிடைப்பது கடல் கடந்துதான். அவர்களை அழைத்துப் போகிறவர்களைப் பாராட்டுகிறேன். நம்மை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சிறுசேரிக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் சாலையில் போனால், சிறிது தூரத்தில் முட்டுக்காட்டில் இருக்கிறது பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம். பேச்சுப் பயிற்சி, இயன்முறை சிகிச்சை, சிறு வயதிலேயே தொடங்க வேண்டிய பயிற்சிகள் எல்லாம் அங்கே உண்டு. "சிறப்புக் கவனம்" என்ற சொல்லைப் பார்த்ததும் படிவத்தை மூடிவிடாதீர்கள். உதட்டுப் பிளவு போல அறுவை சிகிச்சையில் சரியாவதும் அந்தப் பட்டியலில் வரலாம். குழந்தையின் மருத்துவ அறிக்கையை ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

வயதுக் கணக்கையும் இப்போதே போட்டுப் பாருங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமானால் கணவன் மனைவி இருவர் வயதின் கூட்டுத்தொகை 85ஐத் தாண்டக் கூடாது. நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைக்கு 100 வரை போகலாம். இருவரும் நாற்பதைக் கடந்த பிறகும் பதிவைத் தள்ளிப்போட்டால் சின்னக் குழந்தைக்கான தகுதி கையைவிட்டுப் போகலாம்.

வீட்டு ஆய்வுக்கு வரும் சமூகப் பணியாளர் சோபாவையும் டைல்ஸையும் பார்க்க வருவதில்லை. இரவு ஷிப்டில் இருவரும் போனால் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள், மாமியாரும் அம்மாவும் மனதார ஒப்புக்கொண்டார்களா என்றுதான் கேட்பார். பெரியவர்களிடம் முன்பே பேசிவிடுங்கள். "யாரு பெத்த புள்ளையோ" என்ற ஒரு வார்த்தை பிள்ளையின் காதில் விழுந்தால் வாழ்நாள் முழுக்க வலிக்கும். அலுவலகத்திலும் விசாரியுங்கள். 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு சட்டம், மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்கும் தாய்க்கு மட்டுமே 12 வாரம் விடுப்பு என்றது. குழந்தையைப் பெற்று ஒப்படைத்தவர்கள் மனம் மாறினால் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் உண்டு. அதன் பிறகுதான் தத்து வேலையே தொடங்கும் என்பதால் அந்த விடுப்பு அநேகருக்குக் கிடைக்காமல் போனது. அது உச்ச நீதிமன்றம் வரை வழக்காகவும் போனது. பல நிறுவனங்கள் சொந்த விதிப்படி கூடுதலாகத் தருகின்றன. அதை மனிதவளத் துறையிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆன்சைட் வாய்ப்பு வரும் என்றால் அதையும் ஆய்வாளரிடம் மறைக்காதீர்கள். தத்துக்குப் பிந்தைய நேர் ஆய்வுகள் பிள்ளை எங்கே இருந்தாலும் நடந்தாக வேண்டும்.

பான், ஆதார், திருமணச் சான்று, வருமானச் சான்று, மருத்துவச் சான்று போன்ற ஆவணங்கள் இருந்தால் காராவின் இணையதளத்தில் நீங்களே பதியலாம். தரகர் தேவையில்லை. சந்தேகம் இருந்தால் செங்கல்பட்டில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். பதியும்போது வயதுக் கட்டம் வரும். அந்த இடத்தில் இரண்டோடு நிறுத்திவிடாமல், கணவனும் மனைவியும் ஒரு நாள் உட்கார்ந்து பேசிவிட்டு நிரப்புங்கள்.