பழைய டூரிங் பைக்: உதிரிபாகமும் உரிமையும்

முன்பக்கம் ஃபேரிங், பெரிய டேங்க், முதுகு வலிக்காமல் முந்நூறு நானூறு கிலோமீட்டர் ஓட்டக்கூடிய இருக்கை வாட்டம் ஆகியவை சேர்ந்த ஸ்போர்ட்ஸ் டூரிங் பைக் இந்தியச் சந்தையில் காலூன்றியது 2003-இல் ஹீரோ ஹோண்டா கரிஸ்மா வந்த பிறகுதான். அதன் 223 சிசி என்ஜின் ஹோண்டா வழி வந்தது. 2007-இல் பஜாஜ் பல்சர் 220, ஃபியூயல் இன்ஜெக்‌ஷனோடு வந்தது. 2009-இல் கரிஸ்மா ZMR-உம் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. ஹீரோவும் ஹோண்டாவும் பிரிந்தபின் கரிஸ்மாவின் விற்பனை சரிந்து, கடைசியில் உற்பத்தியே நின்றது. 2023-இல் கரிஸ்மா XMR 210 என்று பெயர் மட்டும் திரும்பி வந்தது. அதன் என்ஜின் வேறு என்பதால் பழைய வண்டிக்காரருக்கு அதிலிருந்து உதவி இல்லை. பல்சர் 220-இன் கதை வேறு. 2009-இல் அது கார்புரேட்டருக்கு மாறி, நீண்ட காலம் விற்றதால் பாகங்கள் எளிதில் கிடைக்கின்றன. ஆனால் 2007-இன் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு ஃபியூயல் பம்ப், த்ராட்டில் பாடி தேடுபவர் பாடு திண்டாட்டம்தான். பழைய பைக்கை வாங்குமுன் விசாரிக்க வேண்டியது வண்டியின் விலையை அல்ல, அந்த வகை எத்தனை ஆண்டு விற்பனையில் இருந்தது என்பதை.

இந்த வண்டிகளில் பல பதினைந்து வயதைத் தாண்டிவிட்டன. பதினைந்து ஆண்டு ஆனால் வண்டியை உடைத்தே ஆகவேண்டும் என்ற பேச்சு தமிழ்நாட்டில் தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை உண்மையல்ல. தில்லி வட்டாரத்துக்கான கட்டுப்பாட்டை இங்கே பொருத்திப் பேசுவதால் வந்த குழப்பம் அது. மோட்டார் வாகனச் சட்டப்படி ஆர்சி (பதிவுச் சான்று) 15 ஆண்டு செல்லும். அதன்பின் ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். காலாவதிக்கு 60 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரல் முதல் இருசக்கர வாகனத்துக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 1,000 ரூபாய். 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்ட் திருத்தம் அதை 2,000 ஆக்கியது. பசுமை வரி தனி. தாமதமானால் மாதத்துக்கு 300 ரூபாய் கூடும் என்பது மத்திய விதி. வண்டியைப் பிரித்துப் போட்டு இரண்டு வருடம் வேலை பார்ப்பவர்கள் மறப்பது இந்தத் தேதியைத்தான். ஆர்சி காலாவதியான வண்டியை ஓட்டினால் பதிவில்லாத வண்டியை ஓட்டியதாகவே கொள்ளப்படும். முதல் முறை அபராதம் 5,000 ரூபாய் வரை.

வாங்கும்போது நேரும் தவறுகளில் பெரியது பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுவது. படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. விற்றவர் அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிமாநில வண்டிக்கு அங்கிருந்து என்ஓசி வேண்டும். கடனில் எடுத்த வண்டிக்கு, கடன் என்றோ தீர்ந்திருந்தாலும், ஆர்சியில் அந்தக் குறிப்பு நீக்கப்பட்டிருக்க வேண்டும். பெயர் மாற்றாமல் விடுவது விற்பவருக்கே அதிக ஆபத்து. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது தெளிவு: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர். பழைய வாகன வியாபாரிகளுக்கு 2023 ஏப்ரல் முதல் ஆர்டிஓ அங்கீகாரம் கட்டாயம். அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்ததை முறையாகப் பதிவுசெய்தால், அந்த நேரத்திலிருந்து பொறுப்பு அவருடையது.

சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் ஆர்சியோடு கண்ணால் ஒத்துப் பார்க்க வேண்டும். எம்பரிவாகன் செயலி காட்டுவதோடு நிறுத்தக் கூடாது. எண் தேய்க்கப்பட்டிருந்தால், மேலே புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் விட்டுவிடலாம். திருட்டு வண்டியை நல்லெண்ணத்தோடு வாங்கினாலும் வண்டி வாங்கியவருடையது ஆகாது. விற்றவருக்கே உரிமை இல்லாதபோது அவர் கைமாற்றிக் கொடுக்க எதுவும் இல்லை என்பது சரக்கு விற்பனைச் சட்டத்தின் அடிப்படை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தும் வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை.

சிக்கல் முற்றுவது உதிரிபாகத்தில். சென்னையில் புதுச் சரக்குக்கு ஜி.பி. ரோடு, பிரித்த சரக்குக்குப் புதுப்பேட்டை என்பது வண்டிக்காரர்கள் அறிந்த கணக்கு. கடையில் நீட்டப்படும் பாகம் நான்கு வகையில் ஒன்றாக இருக்கும். பைக் கம்பெனியின் பெட்டியில் வருவது ஒன்று. அந்தக் கம்பெனிகளுக்குப் பாகம் செய்து கொடுப்பவர்களே தங்கள் பெயரில் விற்பது இன்னொன்று, கோவை எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனத்தின் ரோலான் செயின் இந்த வகை. மூன்றாவது, யாரோ ஒரு தயாரிப்பாளர் தன் பெயரிலேயே விற்கும் லோக்கல் சரக்கு. நான்காவது, கம்பெனியின் பெயரும் முத்திரையும் திருடிய டூப்ளிகேட். கடைப் பேச்சில் கடைசி இரண்டும் ஒன்றாகவே புழங்கினாலும் சட்டம் அவற்றை ஒன்றாகப் பார்ப்பதில்லை. லோக்கல் சரக்கு தரம் குறைந்ததாக இருக்கலாம், ஆனால் சொந்தப் பெயரில் விற்பது குற்றமல்ல. போலி முத்திரைச் சரக்கை விற்பது வணிகச் சின்னச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். கண்ணாடி, ஹேண்டில் கிரிப், இண்டிகேட்டர் கூடு போன்றவற்றில் லோக்கலோடு சமாளிக்கலாம். பிரேக் பேட், பிரேக் ஹோஸ், கோன் செட், செயின் ஸ்ப்ராக்கெட் ஆகியவற்றில் சிக்கனம் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. பாதுகாப்புக்கு இன்றியமையாதது என அரசு அறிவித்த பாகத்தைத் தரமின்றி விற்றால், பாகம் ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ ஓராண்டு வரை சிறையோ விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு இடம் தருகிறது.

உற்பத்தி நின்ற வண்டிக்கு, சீல் பிரிக்காத பழைய ஸ்டாக் பாகம் எங்காவது கடை மூலையில் கிடக்கும். பெட்டியில் 900 ரூபாய் என்றிருக்கும். கடைக்காரர் 3,000 கேட்பார். கிடைத்ததே பெரிது என்று ஆர்வலர்களும் கொடுத்துவிடுவார்கள். பொட்டலப் பொருளை அச்சிட்ட எம்ஆர்பிக்கு மேல் விற்பது சட்டமுறை எடையளவு விதிகளின்படி குற்றம். சரக்கு அரிது என்பது சாக்காகாது. எம்ஆர்பி எல்லா வரியும் சேர்த்த விலை என்பதால் அதன்மேல் ஜிஎஸ்டி போடுவதும் தவறு. தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, தயாரித்த மாதம், ஆண்டு, புகார் தொடர்பு இவையெல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும். இவை இல்லாத பெட்டி, உள்ளே இருக்கும் பாகத்தைப் பற்றியும் ஒரு செய்தி சொல்லிவிடுகிறது.

பில் போடவா, வேண்டாமா என்ற கேள்வியில்தான் வாங்குபவரின் உரிமை நிற்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஒரே சீராக 18 சதவீத ஜிஎஸ்டி. 4,000 ரூபாய்ச் சரக்கில் வரி 720 ரூபாய். அந்த 720-ஐ மிச்சம் பிடித்தவர், பாகம் பத்தாம் நாள் உடைந்தால் அதை அந்தக் கடையில்தான் வாங்கினார் என்று நிரூபிக்கவே திணறுவார். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பில்லின் அடியில் அச்சடித்துவிட்டால் குறையுள்ள சரக்கின் பொறுப்பு நீங்கிவிடாது.

பிரித்த சரக்கு வாங்கும்போது எண் பொறித்த பாகங்களில், குறிப்பாக என்ஜின் கேஸிலும் ஃபிரேமிலும், கூடுதல் கவனம் வேண்டும். அவை எந்த வண்டியிலிருந்து வந்தன என்று காட்டும் காகிதம் இல்லாமல் தொடக் கூடாது. உதிரிபாகத்துக்காகவே இன்னொரு வண்டியை முழுதாக வாங்கிப் பிரிப்பவரும் உண்டு. இனி ஓடாது என்றான வண்டியைப் பற்றி 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து ஆர்சியை ஒப்படைத்துப் பதிவை ரத்துசெய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. அதைச் செய்யாவிட்டால் அந்த எண் வேறொரு திருட்டு வண்டியில் ஏறி ஓடக்கூடும். போலீஸ் வந்து நிற்பது பதிவு பெற்றவரின் வாசலில்.

இணையத்தில் வாங்கினால் விற்பவரின் பெயர், முகவரி, பொருள் தயாரான நாடு ஆகியவற்றைக் காட்ட வேண்டியது தளத்தின் கடமை. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன 2020-இன் மின்வணிக விதிகள். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுத்து வைப்பது பிறகு சாட்சியாகும். வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர் சுங்க வரியையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். பயன்படுத்திய பாகங்களை இறக்குமதி செய்ய உரிமம் தேவை என்பது பலருக்குப் பார்சல் சுங்கத்தில் மாட்டிய பிறகே தெரியவருகிறது.

பட்டறையில் விட்ட வண்டி மாதக்கணக்கில் மழையில் நனைந்தால் யார் பொறுப்பு? ஒப்பந்தச் சட்டப்படி மெக்கானிக், ஒப்படைக்கப்பட்ட பொருளைத் தன் பொருள்போல் காக்கக் கடமைப்பட்டவர். அதே சட்டம் அவருக்கும் ஓர் உரிமை தருகிறது: பேசிய வேலையை முடித்தவர் கூலி வரும்வரை வண்டியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். அரைகுறையாக நிற்கும் வேலைக்கு அந்த உரிமை இல்லை. எனவே என்ன வேலை, எந்தப் பாகம், எவ்வளவு, எப்போது என்று ஒரு தாளிலாவது வாட்ஸப்பிலாவது எழுத்தில் இருக்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிவிடுவது நல்ல பழக்கம். மாற்றியதாகச் சொன்னது மாற்றப்பட்டதா என்று தெரியும், மறுபடி உதவக்கூடிய பாகமும் கையில் மிஞ்சும்.

புதுப்பிப்பது வேறு, மாற்றியமைப்பது வேறு. வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த நிலைக்குக் கொண்டுவருவதில் சட்டச் சிக்கல் இல்லை. ஃபிரேமை வெட்டுவது, சத்தமிடும் சைலன்சர் போடுவது, வேறு என்ஜின் ஏற்றுவது இவற்றை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. என்ஜினை மாற்றியே தீரவேண்டும் என்றால் ஆர்டிஓவின் முன் அனுமதியோடு மாற்றி, புதிய எண்ணை ஆர்சியில் ஏற்ற வேண்டும். எண் ஒத்துப்போகாத வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டுக் கோரிக்கையும் சிக்கலாகும். பாரம்பரிய வாகனம் என்று தனிப் பதிவு வாங்கிவிடலாம் என நினைப்பவருக்கு: 2021 விதிகளின்படி அது 50 ஆண்டு நிறைந்த வண்டிகளுக்கு மட்டுமே. 1983-இல் வந்த ராஜ்தூத் 350-க்கே அந்தத் தகுதி 2033-இல்தான்.

பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது பரவலாகக் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. பழைய கார்புரேட்டரின் ரப்பர் சீல்களும் பெட்ரோல் குழாயும் அதை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. சில பழைய வண்டிகளில் இருபது முப்பதாயிரம் கிலோமீட்டருக்குப் பின் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற நேரலாம் என்று 2025-இல் பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. எத்தனால் ஈரத்தை இழுப்பதால், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுவது நல்லது.

விற்ற வண்டிக்கு இத்தனை ஆண்டு பாகம் தரவேண்டும் என்று இந்தியச் சட்டம் எந்தக் கணக்கும் வைக்கவில்லை. பழுதுபார்க்கும் உரிமைக்கான அரசு இணையதளம் 2022 டிசம்பரில் தொடங்கியது, வாகனத் துறையும் அதில் அடக்கம். ஆனால் அது தகவல் தரும் இடமே தவிர நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தும் சட்டமல்ல. உதிரிபாகங்களைத் திறந்த சந்தைக்கு விடாமல் அடைத்து வைத்ததற்காக 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பைக்குகளுக்கு அப்படியொரு தீர்ப்பு வராதது பெரிய குறைதான்.

ஏமாந்தவர் முதலில் கடைக்கோ பட்டறைக்கோ எழுத்தில் புகார் தர வேண்டும். பயனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை தில்லியில் இருந்தாலும் வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பாகத்தைச் சோதனைக்கு அனுப்பக் கேட்கலாம் என்பதால் உடைந்த துண்டைத் தூக்கி எறியக் கூடாது. இந்த நுகர்வோர் வழிகள் கடைக்காரர், பட்டறை, வியாபாரி மீது மட்டுமே செல்லும். தன் சொந்த வண்டியை விற்ற தனிநபர் ஏமாற்றினால் நாட வேண்டியது உரிமையியல் நீதிமன்றம். மோசடி என்றால் காவல் நிலையம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகக் காலக்கெடு, குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு.