கண்டியில் தங்கிவிட்ட குரு



பொங்கல் விடுமுறைக் கலகலப்பில் ஒரு புனிதரின் திருநாள் ஆண்டுதோறும் நம்மைக் கடந்துபோய்விடுகிறது. சனவரி 16, இலங்கையின் திருத்தூதர் எனப் போற்றப்படும் புனித யோசேப்பு வாஸ் அடிகளாரின் நினைவு நாள். நம் தூத்துக்குடிக் கரையிலிருந்து கடல் கடந்தவர் அவர். அதனாலேயே இந்த மறதி சற்று உறுத்துகிறது.

1651ஆம் ஆண்டு கோவாவின் பெனவுலிம் ஊரில் பிறந்தவர் வாஸ். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் அங்கே கத்தோலிக்கக் குருக்கள் துரத்தப்பட்டார்கள், திருப்பலி தடைசெய்யப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மேய்ப்பரின்றித் தவித்த அந்த மக்களைத் தேடி, 1687இல் கூலியாள் வேடத்தில் அவர் போனார். போய்ச் சேர்ந்ததும் வயிற்றுப்போக்கில் விழுந்து, சாவின் வாசல்வரை சென்று மீண்டார். பிறகு, கழுத்தில் செபமாலை தொங்க, வீடு வீடாகப் பிச்சை கேட்டு நடந்தார். அந்தச் செபமாலையை எந்த வீட்டார் மறுமுறை பார்க்கிறார்கள் என்பதே அவருக்குத் தேவையாக இருந்தது. அப்படிக் கண்டுகொண்டவர்களுக்கு இரவில் மறைவாகத் திருப்பலி நிறைவேற்றினார்.

இவ்வளவும் நம்மில் பலர் கேட்டதுதான். நாம் இன்று நின்று பார்க்க விரும்புவது 1697ஆம் ஆண்டை.

அதற்கு ஐந்து ஆண்டுகளுக்குமுன் கண்டி அரசுக்குள் நுழைந்த வாஸ், போர்த்துக்கீசிய ஒற்றர் என்ற ஐயத்தில் சிறைவைக்கப்பட்டிருந்தார். பின்னர் பௌத்த மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியர் அவருக்குப் பணிபுரியும் உரிமை தந்தார். அந்நிலையில்தான் நகரில் பெரியம்மை பரவியது. அம்மை குத்தும் முறை வருவதற்கு இன்னும் நூறாண்டு இருந்த காலம் அது. வசதியுள்ளவர்கள் ஓடினார்கள், மன்னரும் நகரை விட்டு நீங்கினார். நோயாளிகள் காட்டோரம் விடப்பட்டார்கள். வாஸ் அடிகளாரும், அவருடைய அக்காள் தங்கை வழி மருமகனான கார்வாலோ அடிகளாரும் அங்கேயே தங்கினார்கள். நோயாளிகளுக்குக் குடிசை போட்டார்கள், கஞ்சி கொடுத்தார்கள், புண்களைக் கழுவினார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். கத்தோலிக்கர் என்றும் பௌத்தர் என்றும் பிரித்துப் பார்க்கவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் இலங்கைக்கு வந்தது இந்த வேலைக்காக அல்ல. கைவிடப்பட்ட கத்தோலிக்கர்களுக்கு அருளடையாளங்களை வழங்கவே வந்தார். அம்மை நோயாளிகள் அவருடைய திட்டத்தில் இல்லை; வழியில் கிடந்தார்கள், அவ்வளவுதான். நல்ல சமாரியரும் அந்த வழியே வேறு வேலையாகத்தானே போனார்! மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் வலப்பக்கம் நிறுத்தப்படுவோர், ஆண்டவரை எப்போது பசியுற்றவராகக் கண்டோம் என்று வியந்து கேட்கிறார்கள். அவர்களுக்கே தெரியாது. தெரிந்து, கணக்கு வைத்துச் செய்திருந்தால் அந்த வியப்புக்கு இடமிருந்திருக்காது. உதவி செய்வது ஆள் சேர்க்கவா என்று அயலார் நம்மைக் கேட்கும்போது, நாம் கோபப்படாமல் இந்தப் பகுதியை நம்மிடமே ஒருமுறை வாசித்துக்கொள்வது நல்லது.

கொரோனா நாள்களை நினைத்துப் பார்க்கிறோம். குருக்களாகிய நாமும் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று செபத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பிய நாள்கள் உண்டு. விதிமுறை அப்படி என்பது உண்மை; அச்சமும் உண்மை. உடலைக் குழிக்குள் இறக்கிய இளைஞர்களில் பலர் நம் மறையைச் சேர்ந்தவர்கள் அல்லர். அவர்களுடைய பெயரைக் கேட்கக்கூட அன்று நமக்குத் தோன்றவில்லை. வாஸ் அடிகளாரின் திருநாளில் அந்தப் பெயர்களைத் தேடிக் கண்டுபிடித்து, வீட்டுக்குப் போய் நன்றி சொன்னால் என்ன? கொடியும் சப்பரமும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அவையும் இருக்கட்டும்.

1711 சனவரி 16 அன்று அவர் கண்டியிலேயே இறந்தார். 2015இல் கொழும்பு காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது, இலங்கைக்கு அவரே முதல் புனிதர். அவருடைய கல்லறை இருந்த இடம் இன்று தெரியவில்லை. பூ வைக்கவோ திரி ஏற்றவோ நாம் அங்கே போக முடியாது. நம் பங்கில் மாதக்கணக்கில் படுக்கையில் இருப்பவர்களின் வீடுகள் எவையென்று அன்பியப் பொறுப்பாளர்களுக்குத் தெரியும். இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவர்களைக் கேளுங்கள்.