உடம்பெல்லாம் வலி: தைராய்டா, ஃபைப்ரோமையால்ஜியாவா?

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். உடம்பு முழுவதும் வலி என்று சொல்பவரின் பாடு அதைவிடப் பரிதாபமானது. தலைவலி என்றால் தலையைத் தொட்டுக் காட்டலாம். உடம்பெல்லாம் வலி என்றால் எந்த இடத்தைக் காட்டுவது?

குட்வில் எஸ்டேட்டில் ஆகட்டும், தீவின் வேறு எந்தக் குடியிருப்பில் ஆகட்டும், நம் பெண்கள் நாலு பேர் கூடிப் பேசினால் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. “காலையில் எழுந்தால் அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது”, “தூங்கி எழுந்தும் அசதி தீரவில்லை” என்பார்கள். அதற்கு நாம் சொல்லும் பதிலும் பழகிப்போனதுதான்: வயசாகிறது, தீவின் ஈரக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை, தையல் மெஷினில் ஓயாமல் உட்கார்ந்ததால் வந்தது. பிறகு மருந்துக் கடையில் இரண்டு வலி மாத்திரை. அதோடு விஷயம் முடிந்துவிடுகிறது, ஆனால் வலி முடிவதில்லை.

மாதக்கணக்கில் நீடிக்கும் இத்தகைய வலிக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் தைராய்டுக் குறைவு, ஃபைப்ரோமையால்ஜியா ஆகிய இரண்டையும் பற்றி இங்கே பார்ப்போம். ஒன்றைப் போலவே மற்றொன்று தோன்றும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். எது எது என்று பிரித்தறியாவிட்டால் வைத்தியம் தடம் மாறிப் போகும்.

தைராய்டு குறைந்தால் ஏன் வலிக்கிறது?

கழுத்தின் முன்பக்கம் பட்டாம்பூச்சி வடிவில் இருக்கும் சிறு சுரப்பி தைராய்டு. உடம்பின் ஒவ்வொரு பாகமும் எந்த வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதை அதன் ஹார்மோன்தான் தீர்மானிக்கிறது. அது குறைந்தால் எல்லாமே மந்தமாகிவிடும். எடை கூடும், மலம் சிக்கும், தோல் வறளும், முடி கொட்டும், குளிர் தாங்காது, மாதவிலக்கு தாறுமாறாகும். தசைகளும் இதற்கு விலக்கல்ல. அவை விறைத்து, பிடித்து, வலிக்கும். மாடிப்படி ஏறவும், தரையிலிருந்து எழுந்திருக்கவும் சிரமமாக இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனைக்கு டி.எஸ்.எச். என்று பெயர். அறிக்கையைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். “டி.எஸ்.எச். அதிகமாக இருக்கிறது, அப்படியானால் தைராய்டு அதிகமா?” என்று கேட்கிறார்கள். இல்லை. டி.எஸ்.எச். என்பது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு இடும் கட்டளை. கட்டட வேலையில் கொத்தனார் மெதுவாகச் செய்தால் மேஸ்திரியின் குரல் உயரும் அல்லவா? அதுபோல் தைராய்டு சோர்ந்தால் டி.எஸ்.எச். உயரும்.

இது அபூர்வ நோயும் அல்ல. சென்னை உள்பட இந்தியாவின் 8 நகரங்களில் 5,376 பேரைப் பரிசோதித்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேருக்குத் தைராய்டுக் குறைவு காணப்பட்டது. அவர்களில் சிலருக்கு அந்தப் பரிசோதனை நடக்கும்வரை தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது.

வைத்தியமோ நூறாண்டு தாண்டிய பழக்கமுள்ளது. 1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் முர்ரே என்னும் மருத்துவர், ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை நோயாளிப் பெண் ஒருவருக்குச் செலுத்தினார். அதைத் தொடர்ந்து எடுத்துக்கொண்ட அந்த அம்மையார் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று நாம் விழுங்கும் தைராக்சின் மாத்திரை அந்த முயற்சியின் வழிவந்ததே.

ஃபைப்ரோமையால்ஜியா என்பது என்ன?

நார், தசை, வலி ஆகியவற்றைக் குறிக்கும் லத்தீன், கிரேக்கச் சொற்களைச் சேர்த்து வைத்த பெயர் இது. 1904-ல் வில்லியம் கவர்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் இதை நார்த்திசுவின் வீக்கம் என்று கருதி ‘ஃபைப்ரோசைடிஸ்’ என்றார். பின்னால் ஆராய்ந்தபோது அங்கே வீக்கம் எதுவும் இல்லை. ஆகவே 1976 முதல் இன்றைய பெயர் வழக்குக்கு வந்தது.

உடம்பின் பல பாகங்களில் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி, ஓய்வெடுத்தும் தீராத அசதி, தூங்கியும் தூங்காத உணர்வு, ஞாபக மறதி ஆகியவை இதன் அடையாளங்கள். 1990-ல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கம் வகுத்த விதிப்படி, உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து, 11 இடங்களிலாவது வலித்தால் இந்த நோய் என்றார்கள். 2010-ல் அந்த முறையை மாற்றி, வலி பரவியிருக்கும் இடங்களையும், அசதி, தூக்கம், மறதி ஆகியவற்றின் கடுமையையும் கேட்டுக் கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். ரத்தப் பரிசோதனையோ எக்ஸ்ரேயோ இதைக் காட்டாது. அங்கேதான் சங்கடம் தொடங்குகிறது. “ரிப்போர்ட் எல்லாம் நார்மல், உனக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லிவிடுகிறார்கள். வேலைக்குப் பயந்து சாக்குச் சொல்கிறாள் என்ற பேச்சும் வீட்டில் கிளம்புகிறது.

அது சாக்கு அல்ல. 2002-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த நோய் உள்ள 16 பேரையும், நலமாக இருந்த 16 பேரையும் ஸ்கேன் கருவியில் படுக்கவைத்து, கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தார்கள். நோயுள்ளவர்களுக்கு லேசான அழுத்தமே போதுமாக இருந்தது. மற்றவர்களின் மூளை கடுமையான அழுத்தத்துக்கு எப்படி விழித்துக்கொண்டதோ, அதே போல் இவர்களுடைய மூளை விழித்துக்கொண்டது. ரேடியோவில் ஒலியைக் கூட்டும் குமிழ் உச்சத்திலேயே சிக்கிக்கொண்டால் மெல்லிய பாட்டும் காதைப் பிளக்கும். இவர்களுடைய நரம்பு மண்டலத்தில் வலியின் குமிழ் அப்படித்தான் சிக்கியிருக்கிறது.

இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

அறிகுறிகளில் ஒற்றுமை இருக்கிறது என்பது முதல் தொடர்பு. வலி, அசதி, மறதி, மனச்சோர்வு, மலச்சிக்கல் எல்லாம் இரண்டிலும் உண்டு. அதனால்தான் ஃபைப்ரோமையால்ஜியா என்று முடிவு கட்டுவதற்குமுன் மருத்துவர்கள் டி.எஸ்.எச். பார்க்கச் சொல்கிறார்கள்.

இரண்டாவது தொடர்பு சற்று ஆழமானது. நம் உடம்பின் காவல் படையே தவறாகத் தைராய்டைத் தாக்குவதால் வரும் நோயை 1912-ல் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் விவரித்தார். ஹாஷிமோட்டோ நோய் என்று இதற்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். இந்தத் தாக்குதலுக்கு அடையாளமான எதிர்ப்பொருளை ரத்தத்தில் அளக்கலாம். 2007-ல் துருக்கியிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வில், ஃபைப்ரோமையால்ஜியா உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்த எதிர்ப்பொருள் இருந்தது. நலமாக இருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவாகவே இருந்தது. ஹாஷிமோட்டோ நோயாளிகளைப் பரிசோதித்த ஆய்வுகளிலும் ஃபைப்ரோமையால்ஜியா கூடுதலாகவே தென்பட்டது.

இதனால் ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்று சொல்லிவிட முடியாது. இரண்டுமே பெண்களுக்கு அதிகம் வருபவை, இரண்டும் நடுவயதில் தலைகாட்டுபவை. எனவே ஒருவருக்கு இருந்தால் மற்றொன்றும் இருக்கிறதா என்று பார்ப்பது புத்திசாலித்தனம். அவ்வளவுதான்.

மாத்திரையைக் கூட்டினால் வலி போகுமா?

நம் சகோதரிகள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். தைராய்டு மாத்திரை சாப்பிட்டு டி.எஸ்.எச். சரியான பிறகும் சிலருக்கு வலி தீருவதில்லை. “மாத்திரை போதவில்லை” என்று தாமாகவே அளவைக் கூட்டிக்கொள்பவர்கள் உண்டு. தைராய்டே சரியாக இருந்தும் “உடம்பு வலிக்கு நல்லது” என்று அண்டை வீட்டாரின் மாத்திரையை வாங்கிச் சாப்பிடுபவர்களும் உண்டு.

2001-ல் ஸ்காட்லாந்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அசதி, வலி இருந்தும் ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் தைராக்சினும் மறு கட்டத்தில் வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். எது எது என்று அவர்களுக்குத் தெரியாது. தைராக்சின் வெறும் மாத்திரையைவிட எந்த விதத்திலும் அதிகப் பலன் தரவில்லை. 2017-ல் ஐரோப்பாவில், டி.எஸ்.எச். லேசாக மட்டும் உயர்ந்திருந்த, 65 வயது தாண்டிய 737 பேரிடம் நடந்த ஆய்வும் அறிகுறிகளைப் பொறுத்தவரை அதையே சொன்னது.

தேவைக்கு மேல் தைராக்சின் சாப்பிட்டால் நெஞ்சு படபடக்கும், இதயத் துடிப்பு தாளம் தவறும், எலும்பு மெலியும். ஆகவே தைராய்டு சரியாகியும் வலி இருந்தால், அது இரண்டாவது நோயாக இருக்கலாம். அதற்கு வேறு வைத்தியம் வேண்டும்.

கடல் நடுவில் அயோடின் குறையுமா?

“நாலு புறமும் கடல், தினமும் மீன், நமக்கு எப்படித் தைராய்டு வரும்?” என்று சிலர் கேட்பார்கள். மேலே சொன்ன 8 நகர ஆய்வில் கடலோர நகரங்களில் நோய் சற்றுக் குறைவுதான், ஆனாலும் நூற்றுக்கு ஒன்பதுக்கு மேல் இருந்தது. அயோடின் போதுமான அளவு கிடைத்தாலும் ஹாஷிமோட்டோ நோய் வரும் என்பதே காரணம்.

அதற்காக உப்பில் அலட்சியம் கூடாது. ஊரில் பழகிய கல்லுப்பைத் தேடி வாங்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. 2018-19-ல் நடந்த இந்திய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் தமிழ்நாட்டில் 61.9 சதவீதம்தான். மாநிலங்களில் அதுவே கடைசி இடம். உப்பு விளையும் தூத்துக்குடியும் வேதாரண்யமும் உள்ள மாநிலத்துக்கு இந்த நிலை! கல்லுப்பே வேண்டுமென்றாலும் அயோடின் சேர்த்தது என்று பாக்கெட்டில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மூடிய ஜாடியில், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள்.

தீவில் இருப்பவர்கள் கவனத்துக்கு

காய்ச்சலோடு திடீரென்று வரும் உடம்பு வலியை இந்தக் கட்டுரையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எலிக்காய்ச்சல் நம் தீவுகளில் உண்டு. 2006-ல் சிக்குன்குனியா இங்கே பரவியபோது மூட்டு வலியால் மக்கள் பட்ட பாட்டை மறக்க முடியாது. காய்ச்சலும் வலியும் சேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூட்டு வீக்கம், காரணமின்றி எடை குறைதல், கை கால் பலம் குறைதல், மரத்துப்போதல் ஆகியவையும் அவசரமாகக் காட்ட வேண்டியவை.

நீடித்த வலிக்குச் சென்னைக்கோ வேலூருக்கோ டிக்கெட் எடுக்குமுன், போர்ட் பிளேரிலேயே, அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜய புரம் என்று அழைக்கப்படும் நம் ஊரிலேயே, மருத்துவரைப் பார்த்து அடிப்படைப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். டி.எஸ்.எச்., ரத்தசோகை, சர்க்கரை, வைட்டமின் டி, பி12 ஆகியவை பற்றிக் கேளுங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரை தொடங்குமுன்னும் தைராய்டைப் பார்ப்பது நல்லது. தைராய்டுக் குறைவால் கொலஸ்ட்ரால் கூடும். அதைக் கவனியாமல் அந்த மாத்திரையைச் சாப்பிட்டால் தசைவலி வரும் வாய்ப்பும் கூடும். எல்லா ரிப்போர்ட்டுகளையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வைத்தால், எங்கே போனாலும் செய்த பரிசோதனையையே மறுபடி செய்யும் செலவு மிஞ்சும்.

தைராக்சின் சாப்பிடுபவர்களுக்குச் சில குறிப்புகள். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, காபிக்கும் பலகாரத்துக்கும் முன் அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்கள். நம் ஈரக்காற்றில் புட்டியைத் திறந்தே வைக்காதீர்கள். கப்பல் பயணத்தில் மாத்திரை கைப்பையில் இருக்கட்டும். ஒரு நாள் தவறினால் பயமில்லை, வாரக்கணக்கில் விடக்கூடாது. அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள். முடி வளரச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை பரிசோதனை முடிவைத் தவறாகக் காட்டும். அதை இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள்.

வலிக்கு என்ன வழி?

ஃபைப்ரோமையால்ஜியாவை அடியோடு போக்கும் மாத்திரை இல்லை. கடையில் வாங்கும் வலி மாத்திரைகள் இதற்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை. தொடர்ந்து சாப்பிட்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அமிட்ரிப்டிலின், பிரகாபாலின், டுலாக்செடின் போன்றவற்றைச் சிலருக்கு மருத்துவர் எழுதித் தருவார். ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்கள் 2017-ல் எல்லா வைத்தியங்களையும் எடைபோட்டு, உடற்பயிற்சி ஒன்றைத்தான் உறுதியாகப் பரிந்துரைத்தார்கள்.

வலிக்கிற உடம்பைக் கொண்டு எப்படி நடப்பது என்று கேட்கலாம். முதல் வாரம் ஐந்து நிமிடம் போதும். பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் வீடு முழுவதையும் கழுவிவிட்டு மறுநாள் படுத்துக்கொள்ளாமல், தினமும் ஒரே அளவாக வேலை செய்யுங்கள். தூங்கும் நேரமும் எழும் நேரமும் மாறாமல் இருக்கட்டும்.

கடைசியாக வீட்டு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஊரில் என்றால் தண்ணீர்க் குடத்தைத் தூக்க அம்மாவோ நாத்தனாரோ கை கொடுப்பார்கள். கடல் தாண்டி வந்த குடும்பத்தில் அந்தக் கை உங்களுடையதுதான். உங்கள் வீட்டில் ஒருவர் மூன்று மாதமாக உடம்பு வலிக்கிறது என்று சொன்னால், “வயசாச்சு” என்று தள்ளிவிடாதீர்கள். முதலில் ரத்தம் பார்க்க அழைத்துச் செல்லுங்கள். ரிப்போர்ட் நார்மல் என்று வந்தாலும் அவர் சொல்வதை நம்புங்கள். மாலையில் அவரோடு சேர்ந்து பத்து நிமிடம் நடங்கள்.