கொள்ளும் கம்பும் குடலும்

அவிநாசி வீட்டில் கொள்ளு ரசமும் கம்பஞ்சோறும் இறங்கிய வயிறு அந்த உணவின் அந்நியப் புரதங்களை எதிர்த்துப் பொதுவாகப் போர் தொடுப்பதில்லை. ஏன்?

குடலின் உள்சுவர் ஒற்றை அடுக்குச் செல்கள்தான். சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுபவை. செரிக்காத நார்ச்சத்தும் ஆறிய சோற்றின் மாவுச்சத்தும் பெருங்குடலுக்குப் போக, பாக்டீரியாக்கள் அவற்றை நொதிக்க வைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன. விஷயமே இங்கேதான். டிஎன்ஏ, ஹிஸ்டோன் புரதங்களில் நூல்கண்டுபோல் சுற்றிக் கிடக்கிறது. அசிடைல் குறி ஒட்டினால் சுற்று தளரும், ஜீன் வேலை செய்யும். அந்தக் குறியை அழிக்கும் நொதியை பியூட்டிரேட் தடுக்கிறது. உடனே சுவர்ச் செல்கள் டிஜிஎஃப்-பீட்டா போன்ற சமாதானச் சமிக்ஞைகளைக் கூட்டுகின்றன. அருகிலுள்ள நோயெதிர்ப்பு டி செல்களில் சில, தாக்குதலை அடக்கும் ‘ஒழுங்குபடுத்தும் டி செல்’களாகின்றன. பியூட்டிரேட்டால் இவை பெருகுவதை 2013-இல் ஜப்பான், அமெரிக்க ஆய்வுக் குழுக்கள் எலிகளில் காட்டின.

அதற்கும் முன்பே, செரிக்காத மாவுச்சத்தை உப்பு-சர்க்கரைக் கரைசலில் சேர்த்தால் காலரா வயிற்றுப்போக்கு குறைகிறது என்று வேலூர் சிஎம்சியின் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் 2000-இல் வெளியிட்டார்கள். அது நீர் உறிஞ்சும் கதை, எதிர்ப்புச் சக்தி அல்ல; ஆனாலும் பாக்டீரியா தரும் அதே கொழுப்பு அமிலங்கள்தான் அங்கும்.

இதையெல்லாம் வைத்து, கம்பு சாப்பிட்டால் ஒவ்வாமை தீரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு மனிதர்களில் நிரூபணம் இல்லை.