அடைத்தலும் அளித்தலும்

கலத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். அதன் மூடியைப் பற்றி எண்ணிப் பார்ப்போர் சிலரே. உள்ளிருப்பதைக் காத்தல் மூடியின் முதற்கடமை. வேண்டும்போது வேண்டிய அளவே வெளியில் விடுதல் அதன் இரண்டாம் கடமை. ஒன்றுக்கொன்று முரணான இவ்விரண்டையும் ஒரு சிறு பொருளில் இணைப்பதே மூடி வடிவமைப்புக் கலை. அதன் இயல்பினை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

திருமண வீடுகளில் விருந்தினரை வரவேற்கும் பன்னீர்ச் செம்பினை நாம் அனைவரும் அறிவோம். அதன் தலையிலுள்ள நுண்துளைகள் அழகுக்காக மட்டும் அமைந்தவையல்ல. துளை சிறிதாதலால் நீரின் பரப்பு இழுவிசை அதனைத் தடுத்து நிறுத்துகிறது. காற்றும் எளிதில் உட்புக இயலுவதில்லை. கையால் வீசும்போதுதான் அத்தடை நீங்கிப் பன்னீர் துளிகளாகத் தெறிக்கிறது. அளவோடு அளிக்கும் மூடிக்கு இதனினும் இனிய சான்று வேண்டுவதில்லை.

கோலிச் சோடாப் புட்டியும் இவ்வகையினதே. இங்கிலாந்தின் ஹைரம் காட் என்பார் 1872ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். உள்ளிருக்கும் வாயுவே கோலியை மேல்நோக்கி அழுத்தி, கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு பொருத்தி வாயை அடைக்கிறது. வெளியேறத் துடிக்கும் வாயுவையே காவலனாக்கிய நுட்பம் வியப்புக்குரியது. பருகுங்கால் கோலி மீண்டும் வாயை அடைக்காதவாறு கழுத்திலுள்ள ஒடுக்கம் அதனைத் தாங்கிக்கொள்கிறது.

இன்று திரவச் சோப்புப் புட்டிகளில் காணும் பம்பு மூடியினுள் ஒரு சுருள்வில்லும் வால்வுகளும் உள்ளன. அழுத்தும்போது கீழ்வால்வு மூடிக்கொள்ள, அறையிலுள்ள திரவம் மட்டும் வெளிவருகிறது. கையை எடுத்தவுடன் வில் விரிந்து, அடுத்த அளவினைக் குழாய்வழி மேலே இழுக்கிறது. அறையின் கொள்ளளவே அளவுகோலாகிறது.

இத்துறையின் கடினமான தேர்வு மருந்துப் புட்டியாகும். குழந்தை திறக்கக் கூடாது. முதியவர் திறக்க வேண்டும். கனடா நாட்டு மருத்துவர் ஹென்றி புரோ 1967இல், உள்ளங்கையால் அழுத்தித் திருகும் மூடியைப் பரப்பினார். அமெரிக்கா 1970இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. அந்நாட்டு விதிப்படி, 42 முதல் 51 மாத வயதுடைய குழந்தைகளிடம் புட்டியைத் தருவர். முதல் ஐந்து நிமிடத்தில் நூற்றுக்கு 85 பேரேனும் திறக்க இயலாதிருத்தல் வேண்டும். அதே புட்டியை 50 முதல் 70 வயதினருள் நூற்றுக்கு 90 பேரேனும் திறந்து, மீண்டும் சரிவர மூடுதல் வேண்டும். பேரனின் உயிரையும் பாட்டியின் தளர்ந்த விரலையும் ஒருங்கே எண்ணிப் பார்க்கும் அறிவியல் இது.

எனினும், எம்மூடியும் முழுக்காவல் ஆகாது. திறந்தே கிடக்கும் மூடி காவலே ஆகாது. மண்ணெண்ணெயையும் பூச்சிமருந்தையும் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் உண்டு. தாகத்தோடு வரும் குழந்தை புட்டியின் வடிவத்தை மட்டுமே அறியும். அறிஞர் பல்லாண்டு உழைத்துக் கண்ட காவலை நாம் ஒரு நொடியில் இழந்துவிடுகிறோம்.

வீண்விரயத்தை நம் மார்க்கம் விலக்கியுள்ளது, உயிர்காத்தலைப் போற்றியுள்ளது. அளவோடு அளித்து, அல்லாதபோது அடைத்து நிற்கும் சிறுமூடி இவ்விரண்டையும் நாள்தோறும் நமக்கு நினைவூட்டுகிறது. அதனைச் சரிவர மூடி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைப்பது நம் கடமையாகும்.